ஹின்ஜ் (கீல்) பிடுங்கிய லப்டொப் மூடி: நானே ஒட்டலாமா, கடைக்குக் குடுக்கிறதா?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். 15.6 அங்குல லப்டொப், பிளாஸ்டிக் உடம்பு, வொறன்ரி முடிஞ்சுது. திறக்கேக்க இடப்பக்க மூலை வாய் பிளக்குது, உள்ளுக்கை ஏதோ ஒண்டு உருளுற சத்தமும் கேக்குது. படம் நல்லா வருது. பம்பலப்பிட்டியிலை ஒரு கடையிலை மூடியை முழுசா மாத்தவேணும் எண்டினம். அரால்டைட் (ரண்டு ரியூப்பைக் கலந்து பூசுற எப்பொக்சி பசை) போட்டு ஒட்டினால் நிக்குமோ?

ஸ்க்ரூமுறுக்கி:
நிக்கும். ஆனா ஒட்டுறதுக்கு முதல் ஹின்ஜைத் தளர்த்தவேணும். உருளுறது அனேகமா பித்தளை நட். மூடியின்ரை உட்பக்கப் பிளாஸ்டிக் குமிழுக்குள்ளை அது இறுகி இருக்கும், ஹின்ஜ் அதிலைதான் பூட்டியிருக்கு. ஹின்ஜ் கிரீஸ் காய்ஞ்சு இறுகினால் திறக்கிற விசை முழுக்க அந்தக் குமிழிலை விழும். தளர்த்தாமல் ஒட்டினால் அடுத்தமுறை பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சேத்துப் பிய்ச்சுக்கொண்டு வரும்.

சார்ஜரைக் கழட்டி, அடிமூடியைத் திறந்து, முதல் வேலையா பற்றரி கனெக்டரைக் கழட்டுங்கோ. பிறகு பவர் பட்டனை 15 செக்கன் அமத்திப் பிடியுங்கோ. உருளுற நட்டைத் தேடி எடுங்கோ, மதர்போட்டிலை கிடந்தால் ஷோட் ஆக்கிப்போடும். ஸ்கிரீனைச் சுத்தியிருக்கிற சட்டத்தைப் பிளாஸ்டிக் அட்டையாலை மெல்ல நெம்புங்கோ, ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், பனல் வெடிக்கும். ஹின்ஜ் அச்சின்ரை நுனியிலை சின்ன நட் இருந்தால் கால் சுத்து தளர்த்தி, கையாலை திருப்பிப் பாருங்கோ. கூடத் தளர்த்தினால் மூடி தானா விழும். நட் இல்லாமல் ரிவெட் அடிச்சது எண்டால் புது ஹின்ஜ்தான்.

ஒட்டுற இடத்தை 120 நம்பர் அரத்தாளாலை சொரசொரப்பாக்கி, 1 மி.மீ. ட்ரில்லாலை ஆழமில்லாத குழி நாலைஞ்சு போட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோலாலை துடையுங்கோ. வழுவழுப்பிலை எப்பொக்சி பிடிக்காது, குழிக்குள்ளை இறங்கினால்தான் நங்கூரம் மாதிரி நிக்கும். 5 நிமிசத்திலை இறுகிறதை வாங்காதேங்கோ, மெதுவா இறுகிறது பலம் கூட. ரண்டு ரியூப்பிலையும் சம அளவு எடுத்து ரண்டு நிமிசம் கலவுங்கோ. ஸ்க்ரூ பசையிலை ஒட்டாமல் இருக்க அதுக்கு வசலின் பூசி, உருண்ட பித்தளை நட்டைப் பூட்டி, ஹின்ஜை அதின்ரை இடத்திலேயே வைச்சு ஒட்டுங்கோ, இல்லாட்டித் துளை விலகும். கமரா வயரும் வைஃபை அன்ரனா வயரும் அந்த மூலையாலைதான் போகும், பசை படவிடாதேங்கோ. 24 மணித்தியாலம் மூடியை அசைக்கக்கூடாது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சுப்பர் குளூவைத் தொடவேண்டாம். ஆவியாலை பக்கத்திலை வெள்ளை படியும். மொறுமொறுப்பா இறுகும், திறந்து மூடுற அசைவிலை வெடிக்கும். அசற்றோனிலை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைச்சுப் பூசுற வீடியோக்களையும் நம்பாதேங்கோ. மூடியின்ரை உட்பக்கத்தைப் பாருங்கோ, பிசி+ஏபிஎஸ் (PC+ABS, பொலிகார்பனேற் கலந்த ஏபிஎஸ்) எண்டு பதிஞ்சிருந்தால் அசற்றோன் பட்ட இடத்திலை மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடும்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அண்ணாமார். இன்னொண்டு: ரச்பாட்டும் கொஞ்சம் மேல எழும்பியிருக்கு, மேசையிலை வைச்சால் அடி ஆடுது. அதையும் ஒட்டோணுமோ?

ஸ்க்ரூமுறுக்கி:
உதைத் தொடாதேங்கோ! பற்றரி வீங்கியிருக்கு. இப்பவே ஓஃப் பண்ணிச் சார்ஜரைக் கழட்டுங்கோ, திரும்பச் சார்ஜ் போடவேண்டாம். மேலை சொன்ன எதையும் இப்ப செய்யாதேங்கோ. நெம்பேக்க பற்றரிக்குள்ளை இருக்கிற செல் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். வீங்கிய செல்லை அமத்தி மூடப் பாக்கவும் கூடாது. அதைக் கழட்டுற வேலையைக் கடைக்குக் குடுங்கோ, பழையதை வீட்டுக் குப்பையோடை போடாதேங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பற்றரிக்குக் கடைக்குப் போறதெண்டால் மூடியின்ரை விலையையும் கேளுங்கோ. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா கொம்பியூட்டர் கடைகளிலை, பழைய லப்டொப்பிலை இருந்து கழட்டின மூடி அகப்படலாம். மொடல் பேரை மட்டும் சொல்லி வாங்காதேங்கோ: ஒரே மொடலிலையே ரச் ஸ்கிரீன் மூடி வேறை, சாதா மூடி வேறை, ஹின்ஜ் துளையும் மாறும். உட்பக்க ஸ்ரிக்கரிலை இருக்கிற பார்ட் நம்பரைப் படம் எடுத்துக் காட்டுங்கோ. பற்றரி, மூடி, கூலி மூண்டும் சேந்து அதே மாதிரிப் பழைய லப்டொப்பின்ரை விலையிலை பாதியைத் தாண்டினால், பற்றரியை மட்டும் மாத்திப்போட்டு மூடியை அரால்டைட்டாலை பாக்கலாம். குமிழ் நாலிலை மூண்டு போயிருந்தால் மட்டும் பசையை நம்பாமல், மூடியைத் துளைச்சு எம்2.5 (2.5 மி.மீ. தடிப்பு) போல்ட்டும் நட்டும் போடுங்கோ. வெளியிலை தலை தெரியும், அவ்வளவுதான்.