மறு: அருளானந்தரை வெட்டியது மதவெறியா?

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் திருவிழா நெருங்குவதால், அங்கே வெட்டுப்பட்டு இறந்த கத்தோலிக்கச் சாமியார் அருளானந்தர் பக்கம் பேச்சு திரும்பியிருக்கிறது. "ராஜா மதவெறியில் சாமியாரைக் கொன்றார், அவ்வளவுதானே" என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அவ்வளவு இல்லை, தம்பி.

அருளானந்தர் என்று நாம் கூப்பிடும் ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையில் சேர்ந்து, 1673-இல் கப்பல் ஏறி, அந்தச் சபை இங்கே வேதம் போதித்துவந்த மதுரை மிஷனுக்கு வந்தார். அதே மிஷனில் முன்பு நொபிலி சாமி என்ற இத்தாலியச் சாமியார் பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்திருந்தார். இவர் எடுத்தது பண்டாரச் சாமி வேஷம், அதாவது பிராமணரல்லாத சந்நியாசி வேஷம். காவி உடுத்தி, கறி மீன் தொடாமல், எல்லாச் சாதிக்காரரிடமும் பழகலாம். நம்ம பக்கத்து மண்ணில் அவர் வேரூன்றியதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது தம்பியின் கேள்வி. 1686-இலேயே மறவர் சீமையில், அதாவது சேதுபதி ராஜாக்கள் ஆண்ட ராமநாதபுரம் பக்கத்தில், அவரைப் பிடித்துவிட்டார்கள். அவருக்குத் துணையாக வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களையும் அவரையும் கட்டிவைத்து அடித்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். கடைசியில் விவகாரம் ராமநாதபுரத்துக்குப் போனது. அங்கே ராஜாவாக இருந்த கிழவன் சேதுபதி அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். என்ன செய்தார் தெரியுமா? இனி என் சீமையில் போதிக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார். வெறும் மதவெறி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நடுவில் சபை வேலையாக போர்ச்சுகல் போனார். அங்கேயே இருந்துவிடச் சொல்லி ராஜாவே கேட்டும் நிற்காமல் திரும்பி வந்தார்.

அப்புறம் வந்தது தடியத் தேவர் விவகாரம். சேதுபதி பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய வம்சம் அவருடையது. உபதேசியார் ஜெபித்துத் தீராத நோய் தீர்ந்ததும், 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் வாங்கினார். ஒரே மனைவிதான் இருக்கலாம் என்பதால் மூத்தவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவைத்தார். அதில் இளையவர் கடலாயி, சேதுபதி வீட்டுப் பெண். அவர் அழுதுகொண்டு ராமநாதபுரம் போனால் என்ன ஆகும்? இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, சாமி கைது. பட்டத்துப் பகையும் குடும்ப மானமும் வேதத்தோடு சேர்ந்து முடிச்சாகிவிட்டன. வேதம் போதித்தது குற்றமாக இருந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கத்தியை உறையிலிருந்து உருவியது வீட்டுச் சண்டை. அந்தப் பெண்ணின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்திருக்கும், அதை நம்ம பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை.

ராமநாதபுரத்தில் வைத்து வெட்டினால் தடியத் தேவர் ஆட்கள் கிளம்புவார்கள். அதனால் வெளியே நாடுகடத்தல் என்று சொல்லிவிட்டு, ஓரியூரில் இருந்த சேதுபதியின் தம்பி உடையத் தேவரிடம் அனுப்பினார்கள். பிப்ரவரி 3 அன்று சிறையில் பேனா, மை எதுவும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தொட்டுத் தொட்டுக் கடிதம் எழுதினார். மறுநாள் பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். அன்று விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

இன்றைக்கு அங்கே வரும் கூட்டத்தில் பலர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. மொட்டை போடுகிறார்கள், கிடா நேர்ந்துவிடுகிறார்கள். வெட்டிய சீமையின் ஜனங்களே அவரைத் தங்கள் சாமியாக எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அப்பத்தா காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு முன்னால், அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று ஜனங்கள் நம்பும் ஓரியூர்ச் செம்மணலைத்தான் நெற்றியில் பூசும். முந்தானை முடிச்சில் ஒரு சிட்டிகை எப்போதும் இருக்கும். நான் விமானம் ஏறும்போது காகிதத்தில் மடித்துக் கொடுத்தது இத்தனை வருஷத்தில் தூசியாகிவிட்டது. இந்த வருஷம் திருவிழாவுக்கு யார் ஊருக்குப் போகிறீர்கள்? ஒரு பொட்டலம் எனக்கும் எடுத்து வாருங்கள்.