சிங்க் கழிவு அரைப்பானின் ரப்பர் வளையம்: தனியாகக் கிடைக்குமா?

வணக்கம். குன்னூரில் எங்கள் சமையலறை சிங்கின் அடியில் பொருத்தியுள்ள, உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரத்திலிருந்து மூன்று வாரங்களாகத் தண்ணீர் கசிகிறது. அது அரை குதிரைத்திறன் மோட்டார் கொண்டது, 2016-இல் வாங்கினோம். மூன்று திருகுகள் இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் தொங்குகிறது. சிங்கின் துளை மூன்றரை அங்குலம். மாடல் எண் அச்சிட்ட தாள் ஈரத்தில் ஊறி உரிந்துவிட்டதால் எண்ணைப் படிக்க முடியவில்லை. மோட்டார் பழுதின்றி ஓடுகிறது.

கசிவின் இடத்தைக் கண்டறிய, சிங்கை மூடியால் அடைத்து நீர் நிரப்பிப் பார்த்தேன். கழிவுக்குழாய் சேரும் பக்கமும் இயந்திரத்தின் அடிப்பாகமும் உலர்ந்தே இருக்க, மேல் வளையத்தில் சுற்றிய நாளிதழ்த் தாள் பத்து நிமிடத்தில் நனைந்துவிட்டது. மூன்று திருகுகளையும் சமமாகக் கால் சுற்று இறுக்கியதில் இரண்டு நாள் நின்ற கசிவு, பிறகு மீண்டும் தொடங்கியது. மின் இணைப்பைத் துண்டித்துக் கழற்றியபோது, ரப்பர் வளையம் பழைய செருப்பு வாரைப் போல வெடித்திருந்தது. நீர் கசியாதிருக்க மேலே அப்பி வைத்திருந்த புட்டிப் பசையும் (putty) பொடிந்து உதிர்ந்தது. சிலிக்கோன் பசை பூசிப் பார்த்தேன். இந்தக் குளிரில் அது இறுகவே நெடுநேரம் பிடித்தது, பலனும் இல்லை. குன்னூர், மேட்டுப்பாளையம் கடைகளில் முழு இயந்திரத்தையே மாற்றச் சொல்கிறார்கள்; ஒரு வளையத்துக்காக அவ்வளவு செலவு செய்ய மனம் ஒப்பவில்லை.

மூன்று திருகு வகைக்குப் பொருந்தும் மூன்றரை அங்குல ரப்பர் வளையம் மட்டும் கோவையில் எந்தக் கடையில் கிடைக்கும்?