ஃபோல்டிங் சைக்கிளுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளி மதியத்துக்குள்)

சிங்கைக்காரி எழுதியது, திங்கள் இரவு:

குழுவினருக்கு வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் குடியிருப்பாளர்களுக்கு நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று போடுகிறார்கள். எம்.ஆர்.டி ரயில் நிலையம், மீன் காய்கறி விற்கும் ஈரச்சந்தை, பிள்ளையின் பாலர் பள்ளி என்று கிட்டத்தில் போய்வர, மடித்து எடுத்துப் போகிற சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் பொருள். ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றும் தயார். தமிழ் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது.

இங்கே இது விளையாட்டுச் சாமான் இல்லை. 2019 நவம்பரில் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்த பிறகு எங்கள் புளோக்கிலேயே மூன்று வீட்டில் இது வந்துவிட்டது. மடித்த பிறகு 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் இருந்தால் ரயிலிலும் பேருந்திலும் கொண்டு போகலாம்.

முதல் வரைவில் 'மடிக்கக்கூடிய மிதிவண்டி' என்று போட்டேன். ஒரே பத்தியில் நான்கு 'கூடிய' வந்ததும் படித்த எனக்கே மூச்சு வாங்கியது. மொத்தம் 31 இடத்தில் இந்தச் சொல் வருகிறது. தலைப்பில் ஒரு வரிக்குத்தான் இடம். கை கொடுங்கள்.

நொய்யல் எழுதியது:

மடிவண்டின்னு வெச்சுருங்கக்கா. மடிக்கணினி எல்லார்த்துக்கும் தெரிஞ்சிருக்குது. பின்னாடியே இதும் பழகிரும். அஞ்சே எழுத்து, நமசிவாய மாதிரி.

ஒற்றெழுத்து எழுதியது, செவ்வாய் காலை:

> மடிக்கணினி எல்லார்த்துக்கும் தெரிஞ்சிருக்குது

தெரிந்திருப்பதுதான் ஆபத்து. மடிக்கணினியில் உள்ள 'மடி' பெயர்ச்சொல். மடியின்கண் வைக்கும் கணினி. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதனால்தான் அங்கே க் மிகுந்தது. நீங்கள் சொல்லும் மடிவண்டியில் 'மடி' வினை. இலக்கணம் தெரிந்தவனுக்கு வேறுபாடு விளங்கும். தெரியாதவன், மடிக்கணினியை மடியில் வைப்பதுபோல் பன்னிரண்டு கிலோ வண்டியையும் மடியில் வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பான்.

போகட்டும், வினைத்தொகை என்றே கொள்வோம். முக்காலத்துக்கும் விரித்துப் பாருங்கள்: மடிந்த வண்டி, மடிகின்ற வண்டி, மடியும் வண்டி. போருக்குப் போன வண்டியா இது? மடிதல் வேறு, மடித்தல் வேறு. போதாக்குறைக்கு மடி என்றால் சோம்பலும்கூட. வள்ளுவர் 61ஆம் அதிகாரம் முழுக்க அதைத்தான் திட்டியிருக்கிறார். நடக்கச் சோம்பியவர்களின் வண்டி என்று பொருள் சொல்ல ஆள் வரும்.

நொய்யல் எழுதியது:

அப்ப 'அடக்குவண்டி'? சின்னதா அடங்கிருதல்லோ.

ஒற்றெழுத்து எழுதியது:

அடக்கம் செய்துவிட்டீர்கள். மடி என்றால் சாவு, அடக்கு என்றால் புதைப்பு. அடுத்து என்ன, கருமாதியா?

வேர்ச்சொல் எழுதியது, செவ்வாய் இரவு:

அன்பர்களே, கிளையில் நின்று சண்டை போடுகிறீர்கள். வேருக்கு இறங்குங்கள். பாவாணர் வழியில் சொல் ஆராய்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன். 'மட' என்னும் அடியில் வளைதற் கருத்து இருக்கிறது. மடங்கு, மடக்கு, மடி, மடிப்பு எல்லாம் ஒரே குடும்பம். முடங்கு, முடக்கு, முடம் பக்கத்து வீட்டுப் பங்காளிகள். நீரைத் திருப்பி விடும் மடையும் இதோடு சேரும் என்பது என் துணிபு. சிங்கத்துக்கு மடங்கல் என்று பெயர் வந்ததும் பிடரி மயிர் மடங்கிக் கிடப்பதால் என்றே கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. மடல்! பனைமடல். அதுவும் வளைவதுதானே? சங்கக் காதலன் பனைமடலால் குதிரை செய்து ஏறி ஊர்த் தெருவில் வந்தான். குறுந்தொகை 17 'மாவென மடலும் ஊர்ப' என்கிறது. உயிரில்லாத, தீனி கேட்காத, ஒருவர் மட்டும் ஏறும் ஊர்தி! ஊர்தல் என்ற வினையே அங்கே நிற்கிறது. சைக்கிளுக்கு முன்னோடி இதுவன்றி வேறென்ன?

ஆதலால் என் பரிந்துரை: மடங்கி. உருளுவது உருளி, மடங்குவது மடங்கி. மூன்று நாளில் பழகும்.

செயின்கவர் எழுதியது:

ஐயா, மடல் குதிரையில் வந்தவனுக்குப் பனங்கருக்கு குத்தி ரத்தம் வந்தது. மலிவு ஃபோல்டிங் சைக்கிளின் சீட்டும் அப்படித்தான். ஒப்புமை அதுவரை சரி.

ஆனால் 'மடங்கி' என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் யார் மடங்கினார் என்று கேட்பார்.

தீவான் எழுதியது, புதன் காலை:

எல்லாருக்கும் வணக்கம். நான் விளங்காமத்தான் கேக்கிறன், 'மடக்கிற சைக்கிள்' எண்டு போட்டா என்ன குறை? எங்கட ஆச்சிக்கும் விளங்கும். எங்கட இலங்கைப் பக்கம் அரச கடதாசிகளில துவிச்சக்கர வண்டி எண்டுதான் கிடக்கும். பொலிஸ் முறைப்பாட்டில களவு போறது துவிச்சக்கர வண்டி. வீட்டில களவு போறது சைக்கிள். இவ்வளவு காலமா ரெண்டும் சந்திச்சதே இல்லை. நீங்கள் இப்ப மூண்டாவதா ஒண்டைச் செய்து போடுறீங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

துவி, சக்கரம் இரண்டும் வடமொழி. ஈருருளி என்க. உயிர் முன் 'இரு' என்பது 'ஈர்' ஆகும், அதனால் ஈர்+உருளி. மடங்கீருருளி என்றும் புணர்த்தலாம்.

தீவான் எழுதியது:

ஐயா, அதை வாயில புணர்த்த ஏலாது.

செயின்கவர் எழுதியது, புதன் மதியம்:

சிங்கைக்காரி அக்காவின் வேலை நிற்கிறது, நாம் சிங்கத்தின் பிடரியில் இருக்கிறோம். நான் சென்னையில் பழைய சைக்கிள்களை வாங்கிப் பிரித்துப் பூட்டுகிறவன். அறிக்கையில் என்ன வரும் என்று பார்த்தால்தான் எந்தச் சொல் தாங்கும் என்று தெரியும்.

முதலில் சக்கரம். 16 அங்குலச் சக்கரம் உள்ளவை சின்னதாக மடியும், பேருந்தில் காலடியில் நிற்கும். 20 அங்குலம் என்றால் குழி மேட்டைக் கொஞ்சம் தாங்கும், டயரும் டியூபும் சுலபமாகக் கிடைக்கும், மடித்தால் உருப்படி பெரிசு. சின்னச் சக்கரம் என்றால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. தப்பு. முன் பல்சக்கரத்தைப் பெரிசாக வைத்து ஈடுகட்டியிருப்பார்கள்.

அடுத்தது மடியும் இடம். இதற்குச் சொல் தேட வேண்டாம், கீல். கதவுக்கு ஆசாரி சொல்வது. கடையிலேயே கீலைத் திறந்து பூட்டி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். லொடலொட என்றால் வாங்கக் கூடாது. பூட்டும் பிடிக்கு மேல் இரண்டாவதாக ஒரு தாழ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஹேண்டில் கீல் திறந்துகொண்டால் ஒற்று மிகுமா மிகாதா என்று யோசிக்க நேரம் இருக்காது.

காய்கறிக்குப் போகிறவர் பின் கேரியரில் பை மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். வண்டி குட்டை, குதிகால் பையில் இடிக்கும். சிலவற்றில் பை முன்னால் சட்டத்தோடு மாட்டுகிறது, ஹேண்டிலோடு திரும்பாது. அது வசதி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்த வண்டி தானாக மடங்குவதில்லை. நாம்தான் மடக்குகிறோம், அதுவும் ரயில் வரும் நேரத்தில் விரல் நசுங்க. ஆகவே மடங்கு இல்லை, மடி இல்லை. மடக்கு. மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அந்த வரிசையில் இதையும் நிறுத்தினால் போதும்.

பின்குறிப்பு: 'மடக்கு பைக்' என்று மட்டும் போடாதீர்கள். எங்கள் ஊரில் பைக் என்றால் மோட்டார் வண்டி. ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்த தம்பிகள் ஏமாந்து போவார்கள்.

இன்னொரு பின்குறிப்பு: இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் மடக்கிய சைக்கிளோடு விமானத்திலிருந்து குதித்தார்கள். செய்து கொடுத்தது பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அதே பி.எஸ்.ஏ. பெயரில்தான் நம் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. என் முதல் சைக்கிளும் பி.எஸ்.ஏ. அது மடங்கவில்லை, ஒரு லாரிக்காரர் மடக்கினார்.

நொய்யல் எழுதியது:

லண்டன்ல பிராம்ப்டன்னு ஃபோல்டிங் சைக்கிள் ஒண்ணு செய்யறாங்களே, அதை வடிவமைச்ச ஆண்ட்ரூ ரிட்சி பேருக்கு இவ்வளவு சிரமப்படலீங்க. வீட்டு ஜன்னல்ல பார்த்தா தெரியற சர்ச் பேரு பிராம்ப்டன் ஆரட்டரி. அதையே வண்டிக்கு வெச்சுட்டாரு. நான் வெச்சா மருதமலைன்னு வெக்கோணும்.

ஒற்றெழுத்து எழுதியது, புதன் இரவு:

மடக்கு எனக்கு உடன்பாடே. தண்டியலங்காரத்தில் மடக்கு என்றே ஒரு சொல்லணி இருக்கிறது. வந்த சொல்லே மடங்கி வந்து வேறு பொருள் தரும். ரயிலில் ஒரு பொருள், ரோட்டில் ஒரு பொருள். பொருத்தம்தான்.

ஆனால் ஒன்று. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுசோறு, ஊறுகாய். மடக்குக் கத்தியில் மிகுகிறது என்றால் அங்கே 'மடக்கு' பெயராக நிற்கிறது. அப்படியானால் மடக்குச் சைக்கிள் என்று ச் போட வேண்டும். வினைத்தொகை என்பவர்கள் மடக்குசைக்கிள் என்று சேர்த்து எழுத வேண்டும். 'மடக்கு சைக்கிள்' என்று இடைவெளியும் விட்டு ஒற்றையும் விட்டால் அது எந்தக் கணக்கிலும் சேராது.

தீவான் எழுதியது:

வடமொழியே வேண்டாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். இங்கிலீஷ் சைக்கிளுக்கு முன்னால ச் போடச் சொல்லி மற்றவர் அடம் பிடிக்கிறார். நல்ல குடும்பம்.

சிங்கைக்காரி எழுதியது, வியாழன் காலை:

ச் சண்டைக்கு ஒரே வழி, மிதிவண்டி என்று போடுவது. ம-வுக்கு முன் எதுவும் மிகாது. இங்கே பள்ளியிலும் செய்தியிலும் மிதிவண்டிதான். தமிழ்நாட்டில் அரசே பிள்ளைகளுக்கு 'விலையில்லா மிதிவண்டி' கொடுத்துச் சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டதே. ஆகவே மடக்கு மிதிவண்டி. யாருக்காவது உயிர் போகிற மறுப்பு உண்டா?

இன்னொரு சந்தேகம். மூன்றாம் பக்கத்தில், நடுவில் ஒரே இடத்தில் மடிவது, மூன்றாக மடிவது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். இருமடிப்பு, மும்மடிப்பு என்று போட்டேன். வீட்டில் படித்துப் பார்த்தவர், மும்மடிப்பு என்றால் மூன்று மடங்கு விலையா என்று கேட்டார். விலையைப் பார்த்தால் அவர் கேட்டது தப்பில்லை.

செயின்கவர் எழுதியது:

'இரண்டாக மடக்குவது, மூன்றாக மடக்குவது.' எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டாம் அக்கா. வாக்கியம் என்று ஒன்று இருக்கிறது.

நொய்யல் எழுதியது:

மடக்கு மிதிவண்டிக்கு என் ஓட்டு. மனசுக்குள்ள மடிவண்டிதான்.

தீவான் எழுதியது:

மடக்கு சரி. மிதிவண்டி எனக்கு வாயில வராது. ஆனாலும் பெரும்பான்மையோட நிக்கிறன்.

ஒற்றெழுத்து எழுதியது:

உடன்பாடு. மடக்கு மிதிவண்டி. இரண்டும் தனித்தனிச் சொல், இடைவெளி ஒன்று.

வேர்ச்சொல் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்க. கத்திக்கும் கட்டிலுக்கும் அடைமொழியாய்த் தேய்ந்த சொல்லைப் புதிய பொருளுக்குச் சூட்டுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது, கடன் வாங்கல். நாளை அதே வண்டி மின்கலத்தோடு வரும்போது 'மின் மடக்கு மிதிவண்டி' என்பீர்கள். மிதிக்கவே வேண்டாத வண்டிக்கு மிதி எதற்கு? அன்று என்னைத் தேடுவீர்கள்.

சிங்கைக்காரி எழுதியது, வெள்ளி மாலை:

அனுப்பிவிட்டேன். தலைப்பில் மடக்கு மிதிவண்டி. முதல் பத்தியில் ஒரே ஒரு தடவை 'ஃபோல்டிங் சைக்கிள் என்று நாம் சொல்வது' என்று சேர்த்தேன், தீவான் அண்ணனின் ஆச்சியை நினைத்து. கீல் அப்படியே போனது, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கம் வடிவமைத்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் இடம் பத்தவில்லை என்று தலைப்பை மூன்று வரியாக உடைத்துவிட்டான்:

மடக்கு
மிதி
வண்டி

மெய்ப்புப் பார்க்கும்போது யாரோ என்னை அதட்டுவது போல இருந்தது. நல்லவேளை, அச்சேறுவதற்குள் ஒரே வரிக்குக் கொண்டுவந்தாயிற்று.

ஒற்றெழுத்து எழுதியது:

பகுதி தனித்து நின்றால் ஏவல் ஒருமை. பையன் இலக்கணப்படிதான் உடைத்திருக்கிறான். வரிசைதான் தப்பு, முதலில் மிதித்துவிட்டுப் பிறகு மடக்க வேண்டும்.

தீவான் எழுதியது:

அது சரி, 16 அங்குலமோ 20 அங்குலமோ? நான் உண்மையா வாங்கப்போறன். எங்கட ரோட்டு உங்கட ரோட்டு மாதிரி இல்லை.

செயின்கவர் எழுதியது:

20.

வேர்ச்சொல் எழுதியது:

மடங்கி என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. ஒரே சொல். உடையாது.