நெடுந்தூர ராலியில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கருவியா, கைப்பழக்கமா? உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியிலிருந்து

முதலில் என் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்கள் எழுதுங்கள்.

மார்கழி மழைக்காலம். மகியங்கனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூன்று பேர், மூன்று பைக். கைப்பிடியில் போன், ஹெல்மெட்டுக்குள் வழி சொல்லும் குரல். மகாஓயாவில் தேத்தண்ணிக்கு ஒதுங்கியபோது ஏறாவூர் நானா ஒருவரைக் கண்டோம். பழைய ஹொண்டா சிடி 125, பின்னால் வெறுமையான மீன் பெட்டி. விடியுமுன் மீனேற்றி மலைப்பக்கம் போய், விற்றுவிட்டு வருகிறார். இருபது வருடத்துக்கு மேல் இதே பாதைதானாம்.

அவருடைய பெற்றோல் டேங்கின் மேல், பொலித்தீன் உறைக்குள் ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் கட்டை இலக்கம், நடுவில் சின்னதாக ஒரு படம், வலப்பக்கம் குறிப்பு. ‘பாலம், மணல்.’ ‘யானை, வலக்கை.’ ‘வளைவு, கிறவல்.’ சில இடங்களில் ஒரு புள்ளடி, சிலவற்றில் இரண்டு. இத்தனை வருடம் ஓடியவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். மகன் ஓட ஆரம்பித்திருக்கிறானாம், அவனுக்காக எழுதினாராம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாலைவன ஓட்டமான டக்கார் ராலியில் ஓடுகிறவர்களிடம் இருப்பதும் இதேதான். ரோட்புக் என்பார்கள். தூரம், படம், குறிப்பு என்று மூன்று பத்தி. ஆபத்தான இடத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை ஆச்சரியக்குறி. 450 சிசி பைக்கில் மணலில் பாய்ந்துகொண்டே, இடக்கைப் பெருவிரலால் விசையைத் தட்டி ரோட்புக்கை நகர்த்தி, தூரமானியைப் பார்த்து, திசை எண்ணைப் பார்த்து, அடுத்த படம் எதிரே வருகிறதா என்று தேட வேண்டும். மணலில் சற்று வழி விலகிச் சுற்றினால் மானி கூடுதலான தூரத்தைக் காட்டும். அதை ஓடும்போதே திருத்தத் தெரியாதவர் அடுத்த திருப்பத்தைத் தவறவிடுவார்.

ஜிபிஎஸ் அங்கேயும் உண்டு. ஆனால் நம் போனைப் போல வழி காட்டாது. குறித்த புள்ளிக்குப் போனீர்களா என்று சரிபார்க்கும், ஊர்களுக்குள் வேகத்தைக் கண்காணிக்கும், விழுந்தால் உதவிக்கு ஆள் கூப்பிடும். மறைத்து வைத்த புள்ளிகள், நாம் பக்கத்தில் போன பிறகுதான் திரையில் தெரியும். 2020இல் இந்த ஓட்டம் சவூதிக்குப் போனபோது, சில நாட்களில் ரோட்புக்கையே புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்புதான் கையில் கொடுத்தார்கள். பணம் உள்ள அணிகள் கணினியில் வழியை முன்கூட்டியே அலசி வைப்பதைத் தடுக்கத்தான். தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977இல் லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, உயிர் தப்பி வந்து தொடங்கிய ஓட்டம் இது. வழி தேடுவது ஓட்டுகிறவனின் வேலையாகவே இருக்க வேண்டும் என்பதில் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

சரி, கதைக்கு வருகிறேன். கரடியனாற்றில், உன்னிச்சைப் பக்கம் கிறுகி வவுணதீவு வழியாகப் போனால் கெதியாகப் போகலாம் என்றது போன். நாங்கள் கிறுகப்போனோம். நானா ஹோர்ன் அடித்து மறித்தார். எதிரே அந்தப் பாதையால் வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றைக் கையால் காட்டினார். மழையில் எல்லாச் சில்லும் ஈரம்தானே, எனக்கு எதுவும் விளங்கவில்லை. “அச்சப் பாருங்க தம்பி” என்றார். அச்சில் அல்லிக்கொடி சுற்றிக் கிடந்தது. ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயாமல் அல்லிக்கொடி அங்கே வராது. குளத்து வான்கதவு திறந்திருந்தது. செங்கலடி சுற்றியே வீட்டுக்கு வந்தோம்.

அக்கரைப்பற்றிலிருந்து

நல்ல கதை. ஆனாலும் கருவியைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. கோமாரிக்கு இந்தப் பக்கம், இரவு, தூறல். கறுத்த மாடு ஒன்று தார்ரோட்டின் நடுவில் படுத்திருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன், முன்சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கியது, தோள் எலும்பு போனது. அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) இல்லாத பைக். நான்கு வருடம் கழித்து, கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே மாதிரி மழையில், இன்னொரு மாடு. இந்தத் தடவை ஏபிஎஸ். பிரேக் நெம்பு கைக்குள் டக் டக் என்று துடித்தது, பைக் நேராகவே நின்றது. என் கை இரண்டு தடவையும் ஒரே மாதிரித்தான் பிடித்தது. எனவே அந்த இரவில் என்னைக் காப்பாற்றியது கைப்பழக்கம் இல்லை.

கிறவலிலும் மணலிலும் கதை வேறு. பூட்டிய சில்லு மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும், ஏபிஎஸ் அதைச் செய்ய விடாமல் இன்னும் கொஞ்சம் தூரம் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அட்வென்சர் பைக்குகளில் பின்சில்லுக்கு அதை நிறுத்தும் வசதி வைக்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பது மட்டும் ஓட்டுகிறவர் கையில்.

அமெரிக்காவின் அயன் பட் ராலி பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. 11 நாளில் 11,000 மைல். ஒரு நாளைக்கு 1,600 கிலோமீற்றருக்கு மேல். அங்கே ஜிபிஎஸ் தாராளம், மேலதிக டேங்க்கும் பூட்டலாம். எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி, எந்த வரிசையில் போனால் லாபம் என்று கணக்குப் போடுவதே பாதி ஓட்டம். அவர்களின் ஆரம்பச் சான்றிதழுக்கே 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட வேண்டும். நம் நாட்டில் அதைச் செய்ய நினைக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். நிற்பதையும் சேர்த்து மணிக்கு 67 கிலோமீற்றர் சராசரி வேண்டும். நமக்குச் சட்ட வேகமே ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். செய்யாதீர்கள்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு நான்கு லீற்றர் வாங்கிய நாட்களில்தான் நான் திரொட்டிலை மெதுவாகத் திறக்கப் பழகினேன். அதை எந்த மானியும் சொல்லித் தரவில்லை.

ஆரையம்பதியிலிருந்து

நான் ஸ்கூட்டி ஓட்டுகிறவள். ராலிக்காரி இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணம் வரை இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன்.

வாழைச்சேனை தாண்டினால் புனானை, வெலிகந்தை என்று நேர்ரோட்டு. பகல் இரண்டு மணி வெயில். திடீரென்று யோசித்தேன், கடைசியாகக் கடந்த இரண்டு மூன்று கட்டைகள் நினைவிலேயே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. போனில் ‘6.10க்குச் சேர்வீர்கள்’ என்று இருந்தது, அந்த நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்றுதான் நிற்காமல் ஓடினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மதகு ஒன்றில் நிறுத்தி, மரநிழலில், ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து இருபது நிமிடம் படுத்தேன். எழும்பியபோது கை நடுங்கியது.

அண்ணன் சொன்ன அந்த அயன் பட் ராலியில், குறித்த நேரம் ஓய்வெடுத்ததற்குச் சான்று காட்டினால் அதற்கும் புள்ளி உண்டு. நித்திரைக்குப் புள்ளி! அதை வாசித்தபோது எனக்கு அந்த மதகுதான் ஞாபகம் வந்தது. இப்போது சேரும் நேரத்தைத் திரையில் மறைத்து வைத்துவிட்டுத்தான் ஓடுகிறேன்.

மீண்டும் கல்லடியிலிருந்து

தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகுதான் நானாவின் தாளில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. பெரிய புல்லுமலைக்குக் கிட்ட, ‘பாலை மரம், நில்’ என்று இருந்தது. புள்ளடி இல்லை, யானை இல்லை, பள்ளமும் இல்லை. மற்ற வரிகளை எல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் கேட்டேன், அங்கே என்ன என்று.

“ஒண்டுமில்ல தம்பி. அதுல கொஞ்சம் சாஞ்சிட்டுத்தான் போறது.”