மறு: நீச்சல் குளக் கையேடு – ஒரு பொத்தானுக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு நீச்சல் குளத்துக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றின் கையேட்டைத் திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பொத்தான்தான் இடிக்கிறது. வெளிக்காற்று 3, 4 டிகிரி செல்சியசுக்கு இறங்கியதும் பம்பு தானாக ஓடத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் குழாயில் அவ்வளவு எளிதில் உறையாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. உறைந்துவிட்டால் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும், பம்பு, வடிகட்டி, சூடேற்றி எல்லாம் விரிசல் விடும். இப்போதைக்கு 'உறைகாப்பு' என்று போட்டிருக்கிறேன். சரியா? இன்னொன்று, திரையில் 12 குறிகள்தான் கொள்ளும். புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள்.

புலவர் ஐயா:

தம்பி, உறைகாப்பு என்பதை வினைத்தொகையாகத்தான் படிப்பார்கள். உறைந்த காப்பு, உறைகின்ற காப்பு, உறையும் காப்பு. வளையல் குளிரில் விறைத்துக் கிடக்கிறது. வேற்றுமைத் தொகை என்று வாதிட்டாலும் தப்ப முடியாது. இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் தொல்காப்பியர் முதலில் வைப்பதே காப்பைத்தான். மெய்யைக் காப்பது மெய்காப்பு. அப்படியென்றால் உறைதலைக் காப்பதுதான் உறைகாப்பு. பனி உருகிவிடாமல் யாரோ இரவெல்லாம் காவல் நிற்கிறார்! 'கூதிர்காப்பு' என்று வையுங்கள். ஆறு பருவங்களில் ஒன்று, நெடுநல்வாடை முழுவதும் நடுங்குவது அந்தக் கூதிரில்தான். எண்ணிப் பார்த்தேன், சரியாக 12 குறி.

பொறியாளர்:

ஐயா, உங்கள் விதிப்படியே கூதிர்காப்பும் கூதிரைக் காப்பதுதானே? அதோடு கூதிர் ஐப்பசி, கார்த்திகை. மழையும் வாடையும் சேர்ந்த குளிர். குழாய் வெடிக்கிற குளிருக்கு அது எப்படிப் பொருந்தும்?

நான் கேட்பது வேறு. நள்ளிரவில் மின்சாரம் போய்விடுகிறது, பம்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து கையேட்டைப் புரட்டுகிறார். மெயினை அணைக்க வேண்டும், பம்பு, வடிகட்டி, சூடேற்றி மூன்றின் அடிப்பக்க வடிகால் மூடிகளையும் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் நிகண்டு தேடுவாரா? 'ஃப்ரீஸ்' என்றே போட்டுவிடுங்கள். என்னைத் திட்டுபவர்கள் தனிமடலில் திட்டலாம்.

ஆசிரியை:

தனிமடல் எதற்கு, இங்கேயே சொல்கிறேன். உறைபனி, உறைநிலை எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வருகிற சொற்கள். உறை யாருக்கும் புரியாத சொல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பொருள் அதிகம். பால் உறைகிறது, உறைகிணறு வெட்டுகிறார்கள், இறைவன் கோயிலில் உறைகிறான், வாள் உறைக்குள் போகிறது. குடியிருப்பதும் கட்டிப்படுவதும் ஒரே வேர்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். ஓடாமல் ஓரிடத்தில் தங்கிவிடுவதுதானே இரண்டும்? (தங்கவிடாமல் பம்பை ஓட்டுவதுதான் இந்தப் பொத்தானின் வேலை என்பதையும் கவனியுங்கள்.) சரி, அது கிடக்கட்டும். தம்பி, குளத்தை மூடும் விரிப்புக்கு என்ன சொல் போட்டீர்கள்?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

'குளத்து உறை'. ஐயோ.

ஆசிரியை:

அதேதான். 'உறைக்காப்பு' என்று நடுவில் ஒரு க் விழுந்தால் விரிப்பால் காப்பது என்றாகிவிடும். விரிப்பு என்றே மாற்றிவிடுங்கள். பொத்தானுக்கு 'உறைதடுப்பு', 10 குறி.

புலவர் ஐயா:

அதுவும் வினைத்தொகைதான் அம்மா. உறைந்த தடுப்பு. உறைவுத்தடுப்பு என்றால் ஒப்புவேன்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

14 குறி ஐயா. கொள்ளாது.

பொறியாளர்:

உறைதடுப்பு என்றால் குழாயில் ஊற்றும் திரவத்துக்கு என்ன பெயர்? 'உறைதடுப்பி' என்று யாராவது கிளம்புவீர்கள், ஒரு குறி மாறினால் பொத்தான் திரவமாகிவிடும். அதற்காவது ஆன்டிஃப்ரீஸ் என்று விடுங்கள். குளத்துக்கு உரியது புரோப்பிலீன் கிளைக்கால், காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லை விட அது முக்கியம்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

போடுகிறேன். இன்னொரு சொல்லும் பாக்கி. குளிர்காலம் முழுவதும் குளத்தைப் பயன்படுத்தாமல் விடும்போது நீர்மட்டத்தை ஸ்கிம்மருக்கு (நீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுத்தெடுக்கும் வாய்) கீழே இறக்கி, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, வாய்களை அடைத்து, மேலே விரிப்பு போடுகிறார்கள். இது மொத்தத்துக்கும் 'நீர்நீக்கம்' என்று எழுதியிருக்கிறேன்.

பொறியாளர்:

வேண்டவே வேண்டாம்! அதைப் படித்துவிட்டுக் குளத்தையே காலி செய்வார்கள். நிலத்தடி நீர் ஏறியிருந்தால் வெறுங்குளம் படகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். 'குளிர்கால மூடல்' போதும்.

புலவர் ஐயா:

மூடலா? கடை மூடுவது போல இருக்கிறது. 'பனிக்கால ஒடுக்கம்' பாருங்கள். ஆமை ஒடுங்குவது போல. பனி என்றாலே நடுக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு, அதற்கு எடுத்துக்காட்டுகள்...

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

மன்னியுங்கள் ஐயா, மணி இரண்டாகிறது. பொத்தானுக்கு உறைதடுப்பு, மற்றதற்குக் குளிர்கால மூடல், திரவம் ஆன்டிஃப்ரீஸாகவே போகிறது. பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அனுப்பிவிட்டேன். நன்றி.

புலவர் ஐயா:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அது வினைத்தொகைதான். அப்புறம், ஸ்கிம்மரை அப்படியே விட்டிருக்கிறீர்களே தம்பி? பாலின் மேல் படிவதை ஏடு என்கிறோம். 'ஏடெடுப்பான்'. 11 குறிதான்.