அரோராவும் கரபோஸும் ஒரே ஆளா? (கார்லோட்டா பிரியான்சா)

டர்பன்_ரசிகை:
வணக்கம். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலேயின் முன்காட்சியைச் சுருக்கி, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் போடுகிறோம். நிகழ்ச்சித் தாளுக்குக் குறிப்பு எழுதும்போது ஒரு குழப்பம். இத்தாலிய பாலே நடனக்காரி பிரியான்சாவை ஓர் இடத்தில் இளவரசி அரோராவாக ஆடியவர் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் குழந்தை அரோராவைச் சபிக்கும் சூனியக்காரி கரபோஸ் என்கிறார்கள். எது சரி? சாபக் கட்டத்தின் கை அசைவுகளையும் வரிசையாகச் சொல்லுங்களேன். ஆடப்போவது பரதம் படித்த பெண்.

பழைய_மேடை:
இரண்டும் சரிதான், அக்கா. 1890இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரியின்ஸ்கி அரங்கில் நடன அமைப்பாளர் பெத்திபா முதன்முதலில் மேடையேற்றியபோது அரோரா அவர். 1921இல் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் பாலே குழு நடத்திய தியாகிலெவ் போட்டபோது கரபோஸ். நடுவில் 31 வருஷம். கால்விரல் நுனியில் நின்றவர் முகத்தையும் கையையும் வைத்தே மேடையைப் பிடித்தார். தாளில் ஆண்டையும் ஊரையும் சேர்த்தே போடுங்கள். முதல் இரவின் தேதி ஜனவரி 3 என்றும் 15 என்றும் வரும். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியது, அவ்வளவுதான்.

இன்னொன்று, 1890இல் கரபோஸ் ஓர் ஆண்: என்ரிகோ செக்கெட்டி. அதே இரவில் அதே பாலேயில் நீலப்பறவை வேஷத்திலும் ஆடினார். உங்களிடம் நல்ல பையன் இருந்தாலும் கொடுக்கலாம்.

கைமொழி:
சாபத்துக்கு வருகிறேன். முதலில் கோலை எலி வேஷக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், இரண்டு கையும் வேண்டும். தொட்டிலைக் காட்டு. உள்ளங்கை தரையைப் பார்க்க, படிப்படியாக உயர்த்து: வளர்வாள். விரல்களால் முகத்தைச் சுற்று: அழகாக இருப்பாள். பிறகு ஒரு மூச்சு நிற்க வேண்டும். சுட்டுவிரலால் மற்றக் கையைக் குத்து: ஊசி. கடைசியில் இரண்டு கை முஷ்டிகளையும் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் குறுக்காக வைத்து, உடம்புக்கு முன்னால் இறக்கு: சாவு.

பரதப் பெண்ணிடம் சறுக்கும் இடம் கண்தான். ‘கை போன வழி கண்’ என்று பழகியிருப்பாள். இங்கே கண் ராஜா ராணி மேலேயே இருக்க வேண்டும். கையைப் பார்த்துவிட்டால் மிரட்டல் போய்விடும்.

டர்பன்_ரசிகை:
நன்றி. சாவு முத்திரை பின்வரிசைக்குத் தெரியவே இல்லை. தரை சமதளம், நாற்காலி மண்டபம்.

கைமொழி:
சட்டைக் கையைப் பாருங்கள், அக்கா. அகலமான கறுப்புச் சட்டைக் கை முஷ்டி வரை வழிந்தால் மணிக்கட்டு மறைந்துவிடும். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே தைத்து நிறுத்துங்கள். முஷ்டியைத் தொப்புள் வரை இறக்கினால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும், மார்போடு நிறுத்தச் சொல்லுங்கள். சாபத்தைத் தணிக்கும் நல்ல தேவதையான லைலாக் தேவதை இதே சாவு முத்திரையைக் காட்டி, ‘இல்லை’ என்று மறுத்து, கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூக்கம் என்று மாற்றுவாள். அதனால் இருவரும் அதை ஒரே உயரத்தில் செய்ய வேண்டும். சேர்த்து உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள்.