கடைக்கு கரண்ட் ஃப்ரையர்: 6 லிட்டரா, 10 லிட்டரா? அவசரம்

பாவூர்சத்திரத்தான்:
வணக்கம். மெயின் ரோட்டில் கடை பிடித்திருக்கிறோம், குற்றால சீசனுக்குள் திறந்துவிட வேண்டும். கேஸ் வேண்டாம், கரண்ட் ஃப்ரையர்தான் என்று முடிவு. எண்ணெய்த் தொட்டி 6 லிட்டர் போதுமா, 10 எடுக்கலாமா? இரண்டு தொட்டி வைத்த டபுள் நல்லதா? நாளை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன் தென்காசி:
லிட்டரை விடுங்கள். கடையில் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? லோடு எத்தனை கிலோவாட்?

ரசவடை:
என்ன பொரிக்கப் போகிறீர்கள் என்றே சொல்லவில்லையே அண்ணாச்சி. சிக்கனா, சிப்ஸா, வடையா? ஒரு ஈட்டுக்கு எவ்வளவு?

கொதிநிலை:
இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். வாங்குபவர் லிட்டரைப் பார்க்கிறார், விற்பவருக்கும் அதுதான் வசதி. பார்க்க வேண்டியது வாட். 10 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 9 கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 180க்கு ஏற்ற 3 கிலோவாட் காயிலுக்கு (எண்ணெயைக் காய்ச்சும் ஹீட்டர் கம்பி) கால் மணி நேரம் ஆகும், வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூட. அது காலையில் ஒரு தடவைதான், போகட்டும். ஒரு கிலோ சிக்கனைப் போடுங்கள்: கறியில் உள்ள தண்ணீர் ஆவியாவதற்கே பெரும்பகுதிச் சூடு போய்விடும். காயிலால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் எண்ணெய் 150க்கு இறங்கும். அப்புறம் கறி பொரியாது, எண்ணெய் குடிக்கும். எண்ணெய் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒரு ஈட்டில் போடக் கூடாது. இது அரிச்சுவடி.

பாவூர்சத்திரத்தான்:
சிக்கன் 65, ஃபிங்கர் சிப்ஸ், சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி, உளுந்தவடை. எல்லாம் ஒன்றிலேயே. ஃபேஸ் தெரியவில்லை, மீட்டர் பின்னால் ஓனர் வீட்டோடு சேர்ந்து இருக்கிறது.

வயர்மேன் தென்காசி:
வீட்டு மீட்டரா? அங்கேயே நில்லுங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 126இல் இரண்டு மடங்கு கணக்குப் போட்டு வாங்குவார்கள், ஓனர் உங்களைத்தான் கையைக் காட்டுவார். தனி கமர்ஷியல் சர்வீஸுக்கு எழுதிக் கொடுங்கள். 3 கிலோவாட் ஃப்ரையர் 13 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் பவர் பிளக்கில் ஓடும், ஆனால் அந்த லைனில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். டபுள் என்றால் 26 ஆம்ப், அதை இரண்டு ஃபேஸில் பிரித்துப் போடுவதுதான் நல்லது. ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் பிரேக்கர், இல்லாமல் தொடவே கூடாது, ஈரக் கையோடு நிற்கிற இடம் அது. இன்னொன்று, சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் உங்கள் 3 கிலோவாட் காயில் 2 கிலோவாட்தான் தரும். பஜ்ஜிக்குக் கூட்டம் வருவதும் அந்நேரம்தான்.

ரசவடை:
சிக்கன் பொரித்த எண்ணெயில் உளுந்தவடையா? நம்ம பக்கத்தில் செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாத ஆட்கள் எத்தனை பேர்! ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்த மாதிரி. அதை விடுங்கள், பஜ்ஜிக்குக் கூடை ஃப்ரையர் சரிப்படாது. மாவு கூடைக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். தூக்கினால் தோல் கம்பியில், வாழைக்காய் எண்ணெயில். வடை மிதந்து, திருப்பிப் போட்டு வேகிற பண்டம், அதற்கு அகலமான வாய் வேண்டும், ஆழம் வேண்டாம். சிக்கனுக்கும் சிப்ஸுக்கும் கூடை சரி. அப்புறம் காயில் தொட்டி அடியில் படுத்திருக்கிறதா, தூக்கி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். காயிலுக்குக் கீழே இடம் இருந்தால் உதிரும் மாவுத்தூள் சூடு குறைந்த அந்த இடத்தில் போய்த் தங்கும். இடம் இல்லாவிட்டால் காயில் மேலேயே கருகி, அடுத்த ஈட்டில் கறுப்புப் பொட்டாக ஒட்டும்.

இரும்புச்சட்டி:
சாரல் காற்றில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? 19 கிலோ சிலிண்டர் இரண்டு, நல்ல இரும்புச் சட்டி ஒன்று. இவ்வளவுதான் விஷயம். இதற்கு இத்தனை பேச்சா?

கொதிநிலை:
ஒரு கிலோ கேஸில் 12.8 யூனிட் சூடு இருக்கிறது. திறந்த அடுப்பில் அதில் பாதி சட்டி ஓரமாக ஏறி மாஸ்டர் முகத்தில்தான் அடிக்கிறது. ஃப்ரையர் காயில் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்களிடம் பேசுங்கள்.

இரும்புச்சட்டி:
கணக்கைத் தட்டில் வைத்துச் சட்னி ஊற்றித் தருவீர்களோ? மாஸ்டர் ஒரு சொட்டு மாவு விட்டுப் பார்த்தால் போதும், எண்ணெய் காய்ந்தது தெரிந்துவிடும்.

கொதிநிலை:
மாஸ்டர் லீவு போட்டால்?

இரும்புச்சட்டி:
அன்றைக்குக் கடைக்கே லீவு.

பொதிகைச்சாரல்:
இரண்டு பேரும் இதைத் தனியாகப் போய்ப் பேசித் தீருங்கள். தம்பி, வடிகுழாய் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், குழாய் வாய் அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ராத்திரி சூடு ஆறாத தொட்டியைப் பையன்கள் தூக்கிக் கவிழ்ப்பார்கள், இல்லையென்றால் எண்ணெயை மாற்றவே மாட்டார்கள். பொரித்த எண்ணெயில் டிபிசி (திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் கெட்டுச் சேரும் பொருட்கள்) 25 சதவீதம் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு விதி. செக்கிங் வருகிறவர் கையில் அதை அளக்கும் மீட்டரோடு வரலாம். சூட்டை வைத்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் போக, எண்ணெய் அளவு மீறிக் காய்ந்தால் தானே அணைக்கும் கட் ஆஃப் தனியாக இருக்க வேண்டும். விலை குறைந்ததில் முதலில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டயலையும் நம்ப வேண்டாம். கடையிலேயே எண்ணெய் ஊற்றிக் காட்டச் சொல்லி, தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இரும்புச்சட்டி:
எண்ணெய் என்ன, பாமாயிலா, கடலை எண்ணெயா? அதை யாரும் கேட்கவில்லையே.

ரசவடை:
சாமி, அதை ஆரம்பிக்காதீர்கள்.

பாவூர்சத்திரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. தனி சர்வீஸுக்கு ஓனர் ஒத்துக்கொண்டார். சிக்கனுக்கும் சிப்ஸுக்கும் வடிகுழாய் வைத்த 10 லிட்டர் சிங்கிள், அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வடைக்கும் பஜ்ஜிக்கும் தனிச் சட்டி, சிலிண்டர்.

இரும்புச்சட்டி:
சொன்னேனா இல்லையா.

கொதிநிலை:
காயில் எத்தனை வாட்?

வயர்மேன் தென்காசி:
சர்வீஸ் வரும்வரை வீட்டு பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். எர்த் போட்டாச்சா?

கொதிநிலை:
வாட் கேட்டேன் தம்பி.